உப்பைப் பகுத்தறிவோம்

(தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், பள்ளி மாணவர்களுக்கான விடுமுறைக் காலப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வேதியியலில் உப்புகள் பாடத்தைப் படிப்பது எப்படி?’ என்பது. சாதி ஒழிப்பு பேசுகிற தோழர்கள் நடத்தும் வகுப்பில் உப்புக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. பேசி முடிக்கும்போது நீங்களே சொல்லுங்கள்.

உப்பு என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி, ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’. நல்ல பழமொழிதான். ஆனால் அதை யார் யாரிடம் சொன்னார்கள்? பண்ணையார் தன் நிலத்தில் உழைத்தவனிடம் சொன்னார். ‘என் உப்பைத் தின்றுவிட்டு எனக்கே எதிராகப் பேசுகிறாயா?’ என்று கேட்டார். உப்பளத்தில் காலில் புண்ணோடு அந்த உப்பை வாரியவன் யார், வயலில் நெல்லை விளைவித்தவன் யார் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. உப்பைப் படிப்பது என்றால் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான். இது எதனால் ஆனது? யார் செய்தது? எப்படித் தெரியும்?

இந்திய வரலாற்றில் உப்பு என்றால் எல்லாப் புத்தகத்திலும் 1930 மார்ச் 12 இருக்கும். காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாள். ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இராஜாஜி நடந்தார். அதையும் படியுங்கள். அதோடு 1930 மார்ச் 2 என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்டி நடைக்குப் பத்து நாள் முன்பு, நாசிக்கில் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய நாள் அது. அதற்கும் 3 ஆண்டுகள் முன்பு, 1927 மார்ச் 20 அன்று, மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான், கொடுமைதான். தண்ணீரைத் தொடவே கூடாது என்று இங்கே இருந்தவர்கள் போட்ட தடை எவ்வளவு பெரிய கொடுமை? ஒன்று பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மற்றொன்றை நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

பெயரில் தொடங்குங்கள்

உப்புப் பாடம் ஏன் கடினமாகத் தெரிகிறது? புரியாத பெயர்களும் வாய்பாடுகளும் வரிசையாக வருகின்றன. கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகிறது. ஆனால் இந்தப் பெயர்கள் உங்களுக்குப் புதியவையே அல்ல.

சோடியம் குளோரைடு, கறியுப்பு. சோடியம் பைகார்பனேட்டு, ஆப்பச் சோடா. சோடியம் கார்பனேட்டு, சலவைச் சோடா. அம்மோனியம் குளோரைடு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரம். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு, முடி திருத்தும் கடையில் கன்னத்தில் தடவும் படிகாரம். பெர்ரசு சல்பேட்டு, நாட்டு மருந்துக் கடையின் அன்னபேதி. பொட்டாசியம் நைட்ரேட்டு, வெடியுப்பு. மக்னீசியம் சல்பேட்டு, உரக்கடையில் கேட்டால் தரும் எப்சம் உப்பு. காப்பர் சல்பேட்டு, திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத் தோட்டத்துக்கும் மூட்டையில் வரும் மயில்துத்தம்.

பாருங்கள், பாதிப் பாடம் உங்கள் வீட்டிலும் தெருவிலும் தோட்டத்திலும் கிடக்கிறது. முதல் வேலை இதுதான். ஒரு நோட்டில் உங்கள் ஊரில் புழங்கும் உப்புகளை எழுதுங்கள். ஊர்ப்பெயர், வேதிப்பெயர், எங்கே பயன்படுகிறது, யார் கையாள்கிறார்கள் என்று நான்கு கட்டம் போடுங்கள். அந்த நான்காவது கட்டத்தை எந்தக் கைடும் போடாது. நீங்கள் போடுங்கள்.

இரண்டாகப் பிரியுங்கள்

அடுத்தது, எந்த உப்பானாலும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் நேரயனி. மறுபக்கம் எதிரயனி. நேரயனி ஒரு காரத்திலிருந்து வந்தது, எதிரயனி ஒரு அமிலத்திலிருந்து வந்தது. காப்பர் சல்பேட்டில் காப்பர் ஒரு பக்கம், சல்பேட்டு ஒரு பக்கம். அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நீட் பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியல் என்று ஓர் அலகு இருக்கிறது. அதில் 10 நேரயனிகள், 8 எதிரயனிகள். ஈயம், காப்பர், அலுமினியம், இரும்பு, துத்தநாகம், நிக்கல், கால்சியம், பேரியம், மக்னீசியம், அம்மோனியம் ஆகியவை ஒரு பக்கம். கார்பனேட்டு, சல்பைடு, சல்பேட்டு, நைட்ரேட்டு, நைட்ரைட்டு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவை மறுபக்கம். சில இணைகள் நிலைத்திருக்காது. அதை விட்டுப் பார்த்தாலும் இவற்றைச் சேர்த்தால் 80 வரை உப்புகள் வரும். 80 உப்பையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவன் களைத்துப் போவான். 18 அயனிகளைப் புரிந்துகொண்டவனுக்கு 80உம் தானாக வரும்.

வாய்பாடும் அப்படித்தான். ஒவ்வோர் அயனியின் மின்சுமையையும் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினியத்துக்கு 3, சல்பேட்டுக்கு 2. இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமென்றால் 2 அலுமினியத்துக்கு 3 சல்பேட்டு. முடிந்தது.

பிறகு அந்த உப்புக்குக் காரணமான அமிலம் வலியதா, காரம் வலியதா என்று பாருங்கள். இரண்டும் வலியவை என்றால் கரைசல் நடுநிலை. கறியுப்பு அப்படி. வலிய அமிலமும் மெலிந்த காரமும் சேர்ந்திருந்தால் கரைசல் நீல லிட்மசைச் சிவப்பாக்கும். நவச்சாரம், மயில்துத்தம், படிகாரம் எல்லாம் அந்த வகை. மெலிந்த அமிலமும் வலிய காரமும் என்றால் சிவப்பு லிட்மசு நீலமாகும். சலவைச் சோடா அந்த வகை. லிட்மசு இல்லையா? மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த தாள் போதும். சலவைச் சோடா கரைசலில் அது சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பது இதனால்தான். அதில் தெய்வ சக்தி எதுவும் இல்லை, காரம்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு செய்தி. சோடியம் என்ற உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் நச்சுவாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தருகே ஜெர்மானியப் படை அதைத் திறந்துவிட்டுப் படைவீரர்களைக் கொன்றது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். ‘பிறவிக் குணம் மாறாது’, ‘குலத்தளவே ஆகும் குணம்’ என்றெல்லாம் நமக்குக் காலங்காலமாகச் சொல்லி வந்தார்களே, உயிரில்லாத தனிமத்துக்கே அந்த விதி பொருந்தவில்லை. மனிதருக்கு எப்படிப் பொருந்தும்?

பார்த்ததை முதலில் எழுதுங்கள்

இப்போது உப்புப் பகுப்பாய்வுக்கு வருவோம். ஆசிரியர் ஒரு சிட்டிகைப் பொடியைத் தாளில் மடித்துத் தருவார். அது என்ன உப்பு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். செய்முறை நோட்டில் சோதனை, உற்றுநோக்கல், முடிவு என்று மூன்று கட்டங்கள். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? எந்த உப்பு என்று யாரோ காதில் சொல்லிவிடுகிறார்கள். முடிவை முதலில் எழுதி, அதற்கேற்ற உற்றுநோக்கலைப் பிறகு நிரப்புகிறோம். மதிப்பெண் வந்துவிடும், கல்வி வராது.

முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பிறகு தேடுவதுதான் சனாதனத்தின் முறை. ‘இவன் தாழ்ந்தவன்’ என்பது முடிவு. அதற்குப் பிறகு புராணம் எழுதுவார்கள், சாத்திரம் எழுதுவார்கள். நம் முறை வேறு. பகுப்பாய்வு என்பதிலும் பகுத்தறிவு என்பதிலும் இருப்பது ஒரே ‘பகு’தான். பிரித்துப் பார், பிறகு சொல்.

ஓர் எடுத்துக்காட்டு. கரைசலில் பேரியம் குளோரைடு விடுகிறீர்கள். வெள்ளை வீழ்படிவு வருகிறது. உடனே சல்பேட்டு என்று எழுதிவிடலாமா? கூடாது. கார்பனேட்டும் அதே வெள்ளை வீழ்படிவைத் தரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் அது கார்பனேட்டு. கரையாமல் அப்படியே நின்றால் சல்பேட்டு. வெளுத்ததெல்லாம் பால் இல்லை. இதற்காகத்தான் உறுதிச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வெற்றுச் சோதனை. குளோரைடைக் கண்டறிய சில்வர் நைட்ரேட்டு விடுகிறோம். தயிர் போல வெள்ளை வீழ்படிவு வரும், அது அம்மோனியாவில் கரையும். ஆனால் நீங்கள் உப்பைக் கரைக்கப் பயன்படுத்தியது குழாய்த் தண்ணீராக இருந்தால்? அந்தத் தண்ணீரிலேயே குளோரைடு இருக்கும். எந்த உப்பைக் கொடுத்தாலும் கரைசல் கலங்கும். அதனால் வெறும் தண்ணீரைத் தனியாக எடுத்து அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் பேச வருகிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வீட்டில் மூன்று தலைமுறைப் படிப்பு, தனிப்பயிற்சி, ஆய்வகம், அமைதியான அறை. இன்னொரு பிள்ளை காலையில் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் அம்மாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறது. இருவர் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துத் திறமையை அளந்துவிட்டோம் என்கிறார்கள். ஐயா, உங்கள் வெற்றுச் சோதனை எங்கே? தண்ணீரிலிருந்து வந்தது எவ்வளவு, உப்பிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரித்தீர்களா? இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு வேதியியல் ஆய்வகத்திலேயே பதில் இருக்கிறது.

ஏன் அந்த வரிசை?

நேரயனித் தொகுதிகளை 0 முதல் 6 வரை மனப்பாடம் செய்கிறோம். ஏன் அந்த வரிசை என்று புரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடாகக் கரையாமல் நிற்பது ஈயம்தான், அது வீழ்படியும். அடுத்து, அந்த அமிலம் இருக்கும்போதே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துகிறோம். காப்பர் கறுப்பாக வீழ்படியும். துத்தநாகமும் சல்பைடாக வீழ்படியக் கூடியதுதான். ஆனால் இப்போது விழாது. ஏன்? அமிலம் இருப்பதால் அந்த வாயு மிகச் சிறிதளவே சல்பைடு அயனியாகப் பிரிகிறது. காப்பருக்கு அந்தச் சிறிதளவே போதும், துத்தநாகத்துக்குப் போதாது. பிறகு அம்மோனியா சேர்த்துக் காரமாக்கிவிட்டு அதே வாயுவைச் செலுத்தினால் சல்பைடு அயனி கூடும், துத்தநாகம் வெள்ளையாக வீழ்படியும். அதனால்தான் காப்பர் 2ஆம் தொகுதி, துத்தநாகம் 4ஆம் தொகுதி.

இடையில் 3ஆம் தொகுதி. அம்மோனியம் ஹைட்ராக்சைடு விடுவதற்கு முன்பு நவச்சாரத்தைப் போடுகிறோமே, எதற்கு? அம்மோனியம் அயனி கூடினால் ஹைட்ராக்சைடு அயனி குறையும். பொது அயனி விளைவு என்பது இதுதான். குறைந்த ஹைட்ராக்சைடிலேயே இரும்பு செம்பழுப்பாகவும் அலுமினியம் வெள்ளைக் கூழாகவும் வீழ்ந்துவிடும். மக்னீசியம் விழாமல் கரைசலில் நிற்கும், அதை 6ஆம் தொகுதியில் பார்த்துக்கொள்ளலாம். கரைதிறன் பெருக்கம் என்று தனியாக ஒரு பாடம் படிக்கிறீர்கள் அல்லவா? இந்தச் சோதனைக் குழாயில் நடப்பதுதான் அந்தப் பாடம்.

அந்த முட்டை நாற்றம்

ஹைட்ரஜன் சல்பைடு என்றேன். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, சன்னலைத் திறந்துவிட்டு, அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம்.

அதே வாயு எங்கே உருவாகிறது தெரியுமா? மூடிக் கிடக்கும் சாக்கடையிலும் மலக்குழியிலும். கழிவுநீரில் சல்பேட்டு உப்புகள் இருக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. உங்கள் பாடத்தில் வரும் அதே இரண்டு எதிரயனிகள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியைவிட்டு மேலே வராது. கொஞ்சமாக இருந்தால் நாற்றமடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு அதை உணரும் திறனை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் உண்மையில் சாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்று ஒரு மூலையில் வரும்.

விஷவாயு தாக்கியது என்கிறார்கள். வாயுவுக்குச் சாதி தெரியுமா? தெரியாது. பிறகு ஏன் எப்போதும் ஒரே சமூகத்துப் பிள்ளைகளையே தாக்குகிறது? அவர்களை மட்டும் குழிக்குள் இறக்கியது யார்? மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை. இந்த வாயுவைப் பற்றி மூன்று மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள், உயிர் காக்கும் செய்தி. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர் ஒரு கால்சியம் உப்பு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வரும், ஈப்பரில் ஆட்களைக் கொன்ற அதே குளோரின். நம் ஊரில் இந்த இரண்டையும் கையுறைகூட இல்லாமல் சுமந்து போகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ அந்த வேலையில் இருந்தால் இன்று இரவே சொல்லுங்கள்.

சாவி யார் கையில்?

நான் படித்த பள்ளியில் ஓர் ஆய்வகம் இருந்தது. கண்ணாடி அலமாரியில் சோதனைக் குழாய்கள் வரிசையாக இருக்கும். அலமாரி பூட்டியே கிடக்கும். பொதுத்தேர்வுச் செய்முறைக்கு ஒரு வாரம் முன்புதான் திறப்பார்கள். திறந்ததும் தூசி படிந்த குழாய்களைக் கழுவ எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். சோதனை செய்து காட்ட வேறு பிள்ளைகள். கழுவும்போது தெரியாத தீட்டு, சோதனை செய்யும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்க எங்களுக்கு வாய் இல்லை. இன்று உங்களுக்கு இருக்கிறது. உங்கள் பள்ளி ஆய்வகம் மாதத்தில் எத்தனை நாள் திறக்கிறது, யார் கையில் பிப்பெட் இருக்கிறது, யார் கையில் துடைப்பம் இருக்கிறது என்று பாருங்கள். கேளுங்கள். பெற்றோரோடு போய்க் கேளுங்கள்.

நீட்டில் உப்புப் பகுப்பாய்வைக் கேட்கிறார்கள். அந்தத் தேர்வே கூடாது என்பது நம் நிலைப்பாடு, அதில் மாற்றமில்லை. ஆனால் தேர்வு இருக்கும்வரை, ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளை பழுப்பு வளையத்தைப் படத்தில் பார்த்து விடையளிக்கிறது. கையால் செய்து பார்த்த பிள்ளை பத்து நொடியில் விடையளிக்கிறது. ஆகவே ஆய்வகம் கேட்பது சலுகை கேட்பது அல்ல, உரிமை கேட்பது.

ஆய்வகம் திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்பதை இறுத்தால் சுண்ணாம்பு நீர். ஆப்பச் சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, வரும் வாயுவை அதில் செலுத்துங்கள், பால் போல மாறும். அது கார்பன் டை ஆக்சைடு. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சிட்டிகையளவு சேர்த்துத் தேய்த்தால் மூக்கில் ஏறும் நெடி வரும். அது அம்மோனியா. கையால் விசிறித்தான் முகர வேண்டும், மூக்கைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. எந்த உப்பையும் நாக்கில் வைக்காதீர்கள். மயில்துத்தம் நஞ்சு. ஒருவர் செய்யட்டும், ஒருவர் பார்த்ததை எழுதட்டும், அடுத்த நாள் இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை செய்வான், பெண்பிள்ளை எழுதுவாள் என்ற ஏற்பாடு வேண்டாம்.

கத்தி முனையில் ஒரு சோதனை

நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வரும். மேலே மலையில் ஏலத்துக்கு அழுகல் நோய் வரும். இரண்டுக்கும் அடிப்பது போர்டோ கலவை. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் மில்லார்தே என்ற அறிவியலாளர் 1885இல் வெளியிட்ட முறை. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசல் தனி, சுண்ணாம்புக் கரைசல் தனி, பிறகு சேர்க்க வேண்டும்.

கலவை சரியாக வந்ததா என்று தோட்டத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? ஒரு கத்தியைக் கலவையில் முக்கி எடுக்கிறார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும். படியாவிட்டால் அடிக்கலாம். இதை உங்கள் புத்தகம் இடப்பெயர்ச்சி வினை என்று சொல்கிறது. இரும்பு, கரைசலில் உள்ள காப்பரை வெளியே தள்ளுகிறது. உங்கள் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கே போகாமல் தினமும் செய்துவந்த சோதனை, உப்புப் பகுப்பாய்வுதான். அவர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் அதை அறிவு என்று கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள். வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள்.

சுடரும் நட்சத்திரமும்

சுடர்ச் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்டிரான்சியம் அடர் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, காப்பர் நீலப்பச்சை. யார் கையால் கொளுத்தினாலும் அதே நிறம். சுடரிலிருந்து வரும் ஒளியை இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் புன்சனும் கிர்க்காப்பும் 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஒளியை நட்சத்திரம்வரை கொண்டுபோன ஒருவர் நம் நாட்டில் இருந்தார். மேக்நாத் சாகா. 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர், அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. கல்கத்தாவில் படித்தபோது விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள். அந்த மனிதர்தான் 1920இல், சூரியனின் வெளி அடுக்கில் கால்சியம் அயனியாகி நிற்பது ஏன் என்பதை விளக்கும் சமன்பாட்டைத் தந்தார். சாகா சமன்பாடு என்று உலகமே அதைப் படிக்கிறது. பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட மனமில்லாத சமூகத்துக்கு நட்சத்திரத்தைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்.

இந்த மலை கேட்கும் கேள்வி

கடைசியாக, பொட்டிப்புரத்துக்கு வருகிறேன். இந்த ஊரின் பெயர் நியூட்ரினோவால் உலகத்துக்குத் தெரிந்தது. அம்பரப்பர் மலையைக் குடைந்து, அதற்குள் ஏறத்தாழ 50,000 டன் இரும்பில் ஒரு கருவி வைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோவுக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு? உண்டு. கனடாவில் சட்பரி என்ற ஊரில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில், 1,000 டன் கனநீர் வைத்து நியூட்ரினோவை ஆராய்ந்தார்கள். 2001இல் அந்தக் கனநீரில் 2 டன் உப்பைக் கரைத்தார்கள். ஆமாம், நம் கறியுப்பேதான், மிகத் தூய்மையானது. நியூட்ரினோ மோதிக் கனநீரிலிருந்து தெறிக்கும் நியூட்ரானை உப்பில் உள்ள குளோரின் பிடித்துக்கொண்டு ஒளியாகக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆய்வகத்தை நடத்திய ஆர்தர் மெக்டொனால்டு 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஜப்பானின் காமியோகாவில் 2020இல் கடோலினியம் சல்பேட்டு என்ற உப்பை 13 டன் கரைத்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை கோலார் தங்கவயல். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று அது, 1965இல். அந்தச் சுரங்கத்தை 2 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டிக் கொடுத்தவர்கள் யார்? வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்தியது சோடியம் சயனைடு, அதுவும் உப்புதான். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போய்விட்டது. சயனைடுக் கழிவு மேடுகள் அந்த மக்களின் குடியிருப்புகளை ஒட்டி இன்றும் நிற்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. அறிவியல் வரலாற்றில் ஆய்வு இருக்கிறது, தோண்டியவரின் பெயர் இல்லை.

பொட்டிப்புரம் மக்கள் கேள்வி கேட்டபோது, அறிவியலுக்கு எதிரானவர்கள் என்றார்கள். பாறையை எதை வைத்து வெடிப்பீர்கள், தண்ணீர் என்னாகும், கழிவுக் கல்லை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்பது அறிவியலுக்கு எதிரா? சோதனை எங்கே, உற்றுநோக்கல் எங்கே என்று கேட்பதுதானே அறிவியல்? மக்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு முடிவை முதலில் எழுதியது யார்?

பாறையை வெடிக்கப் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட்டும் உப்புதான். அதே உப்பு உரம். 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்து நகரத்தையே குலைத்ததும் அதே உப்பு, 2,750 டன். விளைவிக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும். யார் கையில், யார் கண்காணிப்பில், யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் வேதியியல் தெரிய வேண்டும். அடுத்த முறை இந்த ஊருக்கு ஒரு திட்ட அறிக்கை வந்தால், அதைப் படித்துத் தவறைச் சுட்டிக்காட்ட வெளியூரிலிருந்து ஆள் வரக் கூடாது. இந்தத் தரையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

அதற்கு இந்த வாரமே தொடங்குங்கள். திங்கள் முதல் தினம் மூன்று அயனி, ஆறு நாளில் 18 முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை, ஓர் உறுதிச் சோதனை, ஏன் அப்படி நடக்கிறது என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் உப்பின் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு உற்றுநோக்கல்களை மட்டும் சொல்லட்டும், மற்றவர்கள் கண்டுபிடியுங்கள். யார் சொன்னாலும் ‘எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். ஆசிரியர் சொன்னாலும் கேளுங்கள். நான் சொன்னதையும் கேளுங்கள். பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டு, ஆய்வகத்தை வாரம் ஒருநாள் திறக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனுக் கொடுங்கள்.